‘ஹவுஸ்!’ என்றால் நின்றுவிடும் பாட்டுக்காரி

கெய்லி பிளாஞ்சர்டுக்குத் தொண்டை இரண்டு. ஒன்று சம்பளத்துக்கு, இன்னொன்று ஆசைக்கு.

சம்பளத் தொண்டையை எங்கள் கிளீதோர்ப்ஸ் ஊர்க் கடற்கரைச் சாலையில் இருக்கும் மெர்மெய்ட் பிங்கோ ஹாலில் யார் வேண்டுமானாலும் போய்க் கேட்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் காற்றில் பந்துகள் துள்ளிக்கொண்டிருக்கும். குழாய் வழியாக மேலே வரும் பந்தை எடுத்து அதிலுள்ள எண்ணை மைக்கில் சொல்ல வேண்டும், சீட்டில் அந்த எண் இருப்பவர்கள் அதைக் குத்திக்கொள்வார்கள். இதுதான் அவள் வேலை. வெறுமனே எண்ணை ஒப்பித்தால் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஆகாது. “குண்டம்மா ரெண்டு பேரு, எண்பத்தெட்டு!” என்று எண்ணின் உருவத்துக்குப் பட்டப்பெயர் வைத்து நீட்டி முழக்க வேண்டும். “குட்டி வாத்து ரெண்டு, இருபத்திரண்டு!” என்றால் ஹால் முழுக்க “குவாக், குவாக்” என்று பதில் வரும். கெய்லி சொன்னால் அந்த வாத்துகளே நேரில் வந்து சீட்டு வாங்கி உட்கார்ந்துவிடும், அப்படி ஒரு குரல்! அவள் தாத்தா பக்கத்து ஊரான கிரிம்ஸ்பி மீன் சந்தையில் ஏலம் கூவியவர். வம்சத்திலேயே யாருக்கும் மெதுவாகப் பேச வராது. பஸ் என்பது அவள் வாயில் ‘புஸ்’. லவ் என்பது ‘லுவ்’. எங்கள் வடக்குப் பக்கத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் வரும், ஆனால் கெய்லிக்கு அது மைக்கோடு வரும்.

ஆசைத் தொண்டை வேறு ஜாதி. அது கலிபோர்னியாவில் பிறந்தது!

‘சோகி சிப்ஸ்’ என்று ஒரு பேண்ட். வினிகர் அதிகமாகி நமுத்துப்போன உருளைக்கிழங்கு வறுவல் என்று பொருள். மூன்றே பேர். பாடுவதும் பேஸ் கிதாரும் கெய்லி. கிதார் வெஸ், பள்ளியில் அவளுக்குப் பக்கத்து பெஞ்சுக்காரன், இப்போது கிரிம்ஸ்பியில் ஹாடக் மீனைப் புகை போடும் கூடத்தில் வேலை. டிரம்ஸ் நைஜ். இருவரையும் விட மூத்தவர், தொடக்கப் பள்ளி ஒன்றின் காவலாளி, பேண்டின் வேனும் அவருடையதே. வாசிப்பது பாப் பங்க். கிதாரில் மூன்றே ஸ்வரக்கூட்டு, தலைதெறிக்க ஓடும் தாளம், மூச்சு முட்ட ஒரு பல்லவி, பாதி அழுகை, பாதி குதியாட்டம், அவ்வளவுதான் சமாச்சாரம். பாட்டுக்குப் பொருளும் ஒன்றுதான்: இந்தப் பாழாய்ப்போன ஊரை விட்டு ஓடிப்போக வேண்டும்!

இதை அமெரிக்க மூக்கால்தான் பாட வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியாது. சின்ன வயதில் கேட்ட இசைத்தட்டுகளில் எல்லாரும் அப்படிப் பாடினார்கள், கெய்லியும் அப்படியே பாடினாள். பக்கத்து டான்காஸ்டரைத் தாண்டிப் போனது நாலைந்து தடவை இருக்கும். ஆனால் பாட்டில் பார்த்தால் நெடுஞ்சாலை, பனைமரம், வீட்டுக்கு வீடு நீச்சல் குளம்! எங்கள் ஊர் நீச்சல் குளத்தில் குளித்துவிட்டு வந்தால் மூக்கு ஒரு வாரத்துக்கு அடைத்துக்கொள்ளும், அதைப் பற்றிப் பாட்டு உண்டா என்றால் கிடையாது.

அவளிடம் ஒரே ஒரு பாட்டு மட்டும் வேறு மாதிரி இருந்தது. எங்கள் ஊர் ரயில் நிலையம் கடற்கரை மணலை ஒட்டி முடிகிறது. தண்டவாளம் தீரும் இடத்தில் ரயில் முட்டி நிற்க இரும்புத் தடுப்பு இருக்கும், அதற்குப் பெயர் பஃபர்ஸ். கெய்லியோடு படித்தவர்கள் ஒவ்வொருவராக அந்த நிலையத்தில் ரயில் ஏறி லீட்ஸ், லண்டன், ஆஸ்திரேலியா என்று போய்விட்டார்கள். அவள் அம்மா மீன் தொழிற்சாலைக் குளிரில் வேலை பார்த்து இரண்டு கையும் முடங்கிப்போனவர். அம்மாவுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடக்கூட ஆள் வேண்டும், அதனால் கெய்லி போகவில்லை. அதைத்தான் பாட்டாகக் கட்டியிருந்தாள். பல்லவி இது:

‘எல்லாரும் ஏறிப் போயிட்டீங்க, லுவ்,
ரயில் முட்டற பஃபர்ஸ்கிட்ட நான் இருக்கேன்.
தோத்துப்போய் இருக்கலே, இருக்கணும்னு இருக்கேன்,
திரும்பி வந்தா வெளக்கு எரியும், லுவ்.’

உலகத்துப் பாப் பங்க் எல்லாம் ஊரை விட்டு ஓடிக்கொண்டிருக்க, இவள் மட்டும் ஓடாதவளைப் பற்றிப் பாட்டு கட்டியிருக்கிறாள்! ஆனால் அதையும் அந்தக் கலிபோர்னியா மூக்காலேயே பாடினாள். வெஸ் முதல் தடவை கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“ஏண்டி, நல்லாத்தான் இருக்கு. ஆனா அமெரிக்காக்காரி எதுக்குடி கிளீதோர்ப்ஸ் ஸ்டேஷன்ல வந்து உக்காந்திருக்கா? ரயிலத் தவற விட்டுட்டாளா?”

கெய்லிக்குச் சுருக்கென்றது. பாட்டை மூட்டை கட்டி வைத்துவிட்டாள். ஆனாலும் மனசுக்குள் ஒன்று கிடந்து அரித்தது. ஒரே ஒரு தடவை, ஆள் நிறைந்த ஓர் இடத்தில், அந்தப் பாட்டை ஆரம்பம் முதல் கடைசி வரை பாடி முடிக்க வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

இனி பிங்கோ சட்டம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. சீட்டு நிறைந்தவர் “ஹவுஸ்!” என்று கத்துவார். கத்திய அந்த நொடியே எண் சொல்பவள் நிறுத்தியாக வேண்டும். காதில் விழாமல் அடுத்த எண்ணைச் சொல்லித் தொலைத்தால் கத்தியவருக்குப் பரிசு போச்சு. கெய்லி வேலைக்கு வந்த புதிதில் அந்தத் தப்பைச் செய்தாள், அதுவும் யாரிடம்? பாலீன் டிரிங்கெல்லிடம்! பாலீன் என்றால் ஹாலில் எல்லாருக்கும் கொஞ்சம் நடுக்கம். சிவப்புச் சாயத் தலை, கடப்பாரை வாய். அன்று பாலீன் இழந்தது போர்ச்சுகல் சுற்றுலா. அதிலிருந்து கெய்லியைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே விசாரிப்புதான்.

“என்ன கண்ணு, போர்ச்சுகல்ல வெயில் எப்படி இருக்காம்?”

இப்படி வருஷக்கணக்காகக் குத்து வாங்கியவளுக்கு என்ன ஆகும்? ‘ஹவுஸ்’ என்ற சத்தம் கேட்டால் உடம்பே நின்றுவிடும். மூளையைக் கேட்டுக்கொண்டெல்லாம் நிற்காது. ஒரு முறை கடையில் யாரோ போனில் வீடு வாங்குவதைப் பற்றி ‘ஹவுஸ், ஹவுஸ்’ என்று சத்தமாகப் பேச, பாலும் கையுமாக அப்படியே நின்றாளாம், நைஜ் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பந்துப் பெட்டி பழுதாகி மெர்மெய்ட் ஹாலைப் பூட்டிவிட்டார்கள். போக்கிடம் இல்லாத பிங்கோப் பெண்கள் கும்பலாக எதிரே இருந்த ஆங்கர் பப்புக்குள் நுழைந்தார்கள். அங்கே அப்போதுதான் சோகி சிப்ஸ் கச்சேரி. வந்திருந்தவர்கள் இரண்டு மேசை இளவட்டங்கள், ஒரு நாய்.

“ஐயோ, உன் பட்டாளம் வருதுடி,” என்றான் வெஸ்.

பாலீன் முன்வரிசையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இரண்டு பாட்டுக் கேட்டாள். எலுமிச்சம்பழத்தைக் கடித்த முகம். பக்கத்திலிருந்தவளிடம் ஊருக்கே கேட்கும்படி ரகசியம் சொன்னாள்: “யாருடி இந்த அமெரிக்காக்காரி? நம்ம கெய்லி எப்ப வருவா?”

பப்பில் ஒரே சிரிப்பு. கெய்லிக்குக் காது சிவந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது பாட்டை எடுத்தாள், இன்னும் கொஞ்சம் மூக்கைக் கூட்டி. பாலீனுக்கு இதற்கு மேல் தாங்கவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்து அதில் பிங்கோ ஆட ஆரம்பித்துவிட்டாள். வெஸ் ஒற்றைக் காலைத் தூக்கிக் குதிக்கிறான், நைஜ் வியர்த்து ஊற்ற அடிக்கிறார், கெய்லி பனைமர நிழலில் காதலனைத் தேடிக்கொண்டிருக்கிறாள், அந்த நேரம் பார்த்து,

“ஹவுஸ்!”

பாலீன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனைத் தலைக்கு மேல் ஆட்டினாள்.

கெய்லி நின்றாள். பாட்டு நின்றது. பேஸ் நின்றது. வலது கை தானாக உயர்ந்தது. சம்பளத் தொண்டை மைக்கில் முழங்கியது: “நிறுத்துங்க எல்லாரும்! முன்வரிசையில ஹவுஸ் கேட்டிருக்காங்க! சரி பார்க்கற வரைக்கும் யாரும் சீட்டக் கிழிச்சுடாதீங்க, லுவ்!”

நைஜின் கையிலிருந்து குச்சி நழுவியது. வெஸ் ஒற்றைக் காலிலேயே நின்றான். நாய் குரைத்தது. பப்பே வெடித்துச் சிரித்தது பாருங்கள், கண்ணாடி டம்ளர்கள் அதிர்ந்தன!

“நெசமாவே ஜெயிச்சுட்டேன்டி!” என்று பாலீன் கத்தினாள்.

“எவ்வளவு?”

“ஒனக்கு எதுக்கு? எனக்கு நீ ஒரு போர்ச்சுகல் பாக்கி!”

கெய்லிக்கு அவமானம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். “சரி சரி, எல்லாரும் தயாரா? அடுத்த எண்!” என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்தாள். அந்தக் கலவரத்தில் கலிபோர்னியாவை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வந்தது மெர்மெய்ட் ஹால் குரல். ‘லுவ்’ என்றே பாடினாள். ‘புஸ்’ என்றே பாடினாள். ஏலக்காரத் தாத்தாவின் தொண்டை அப்படியே திறந்துகொண்டு வந்தது. வெஸ்ஸின் கண் முழி பிதுங்கியது. அடேயப்பா, அதே பாட்டுதான், ஆனால் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது! இளவட்டங்கள் மேசையைத் தள்ளிவிட்டுக் குதித்தார்கள். பிங்கோப் பெண்கள் தொடையைத் தட்டினார்கள்.

“இவதாண்டி எங்க கெய்லி!” என்றாள் பாலீன், பெற்றவள் மாதிரி.

அந்தச் சூட்டிலேயே கெய்லி, வெஸ்ஸைக் கேட்காமல், நைஜைக் கேட்காமல், பஃபர்ஸ் பாட்டை எடுத்தாள். ‘பு’ போட்டே பாடினாள், ‘புஃபர்ஸ்’ என்று. முதல் சரணம் போனது. பல்லவி போனது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டாம் சரணத்தின் வாசலில், பார் பக்கத்திலிருந்து ஒரு பயல் வேண்டுமென்றே கத்தினான்.

“ஹவுஸ்!”

நின்றுவிட்டாள். கை தானாக உயர்ந்தது. மறுபடியும் ஒரே சிரிப்பு. வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தது போலப் பயல்களுக்கு விளையாட்டு கிடைத்துவிட்டது.

ஹல் நகரத்திலிருந்து வந்திருந்த ஒரு மாணவி இதையெல்லாம் போனில் படம் பிடித்துப் போட்டுவிட்டாள். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது! ஹல்லில் கூப்பிட்டார்கள், லிங்கனில் கூப்பிட்டார்கள், ஷெஃபீல்டில் ஒரே மாதத்தில் இரண்டு தடவை கூப்பிட்டார்கள். வேனுக்குள் டிரம்ஸுக்கும் நைஜின் பள்ளிக்கூடத் துடைப்பங்களுக்கும் நடுவில் கெய்லியும் வெஸ்ஸும் மடங்கி உட்கார்ந்து ஊர் ஊராகப் போனார்கள். மூவருக்கும் வருஷத்து விடுப்பெல்லாம் அதிலேயே கரைந்தது. விடுமுறையில் காலியாகக் கிடந்த பள்ளி இசை அறையில், தலைமை ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டு, தாங்களே ஒலிப்பதிவு செய்தார்கள். கேசட்டுகளைத் தாங்களே படியெடுத்தார்கள், அட்டையைத் தாங்களே மடித்தார்கள். கம்பெனி கிடையாது, மேனேஜர் கிடையாது, கேட்டுச் செய்ய ஒரு ஆள் கிடையாது. கடைசிப் பாட்டாக பஃபர்ஸைச் சேர்த்தாள் கெய்லி. அங்கே யாரும் கத்தவில்லையே! கேசட் விற்றது. கடைசிப் பாட்டு வரைக்கும் யார் பொறுமையாகக் கேட்கப்போகிறார்கள் என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

கூட்டம் வந்தது, சும்மா வரவில்லை. பிங்கோச் சீட்டில் குத்துகிற குண்டு மைப் பேனாக்களைக் கொண்டு வந்து ஒருவர் மூஞ்சியில் ஒருவர் ஊதாப் பொட்டு வைத்துக்கொண்டது. ரப்பர் மீனை ஊதிக்கொண்டு வந்தது. கெய்லி “குட்டி வாத்து ரெண்டு!” என்றால் “குவாக், குவாக்!” என்று கூரை அதிர்ந்தது. பாட்டின் நடுவில் யாராவது “ஹவுஸ்!” என்பார்கள், பேண்ட் பட்டென்று நிற்கும், கெய்லி கையைத் தூக்குவாள், சிரிப்பு, பிறகு “அடுத்த எண்!”, மறுபடி பாட்டு பாயும். வேகப் பாட்டுகளுக்கு அது என்னவோ தனி உசுப்பு. கெய்லிக்கும் பிடித்திருந்தது. கொஞ்சமாகவா பிடித்திருந்தது, தலைகால் புரியவில்லை! மேடையில் ஏறினால் இறங்க மனம் வராது.

ஆனால் பஃபர்ஸ்? எந்த ஊரிலும் முடிந்தபாடில்லை. சில ஊரில் முதல் சரணம், சில ஊரில் பல்லவி. எங்காவது ஒரு மூலையிலிருந்து “ஹவுஸ்!” வரும், அவள் உடம்பு நின்றுவிடும். பிறகு ஆயிரம் “அடுத்த எண்” சொன்னாலும் அந்தப் பாட்டு மட்டும் எழுந்து வராது, அறுந்த பட்டம் மாதிரி விழுந்துவிடும்.

நைஜ் ஒரு யோசனை சொன்னார். காதில் பஞ்சு! நியூகாசிலில் வைத்துப் பார்த்தார்கள். “ஹவுஸ்” கேட்கவில்லை, உண்மைதான். டிரம்ஸும் கேட்கவில்லை. நைஜ் ஒரு தெருவில் போக, கெய்லி இன்னொரு தெருவில் போனாள்.

“யோவ் நைஜ், பஞ்சு வைக்கச் சொன்னீரே, அத ஒம்ம வாயில வச்சிருக்கலாம்ல?” என்றான் வெஸ்.

ஷெஃபீல்டில் இரண்டாம் தடவை வாசித்தபோது லண்டனிலிருந்து ஓர் ஆள் வந்தார். பியர்ஸ் என்று பெயர், பெரிய இசைக் கம்பெனி. கச்சேரி முடிந்து எல்லோரும் தெருவில் நின்று கையால் சிப்ஸ் தின்றபோது அவர் மட்டும் மர முள்கரண்டியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தார். அதிலேயே கெய்லிக்கு மனசு விலகிவிட்டது.

“பிரமாதம், பிரமாதம்! அந்த நிக்கற விஷயம் இருக்கே, தங்கச் சுரங்கம்! ஜிகினா கோட்டு போடறோம். மேடையில பெரிய பந்துப் பெட்டி வைக்கறோம். பாட்டுக்குப் பாட்டு மூணு தடவை நிக்கறீங்க. அந்தக் கடைசி ரயில்வே பாட்டு மட்டும் வேண்டாங்க. ஜனங்களுக்கு அதுல ஈடுபாடு இல்ல. ஒரு ஊர்லயாவது முடிஞ்சிருக்கா, சொல்லுங்க?”

கெய்லி கையிலிருந்த சிப்ஸ் காகிதத்தை மடித்தாள். சொல்ல என்ன இருக்கிறது, ஒரு ஊரிலும் முடியவில்லையே.

மறுநாள் ஊர் திரும்பும் வழியில் நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடை ஒன்றில் வண்டியை நிறுத்தினார்கள். அங்கே வெடித்தது.

“கையெழுத்துப் போட்டுடலாம்டி,” என்றான் வெஸ்.

“பாட்ட எடுக்கச் சொல்றான்டா.”

“ஒரு பாட்டுதானே!”

“ஒனக்கு ஒரு பாட்டு. அந்தாளுக்கு நான் வேணாம், புரியுதா? பாலீன் கத்தினதும் பேயறைஞ்ச மாதிரி நின்னேனே, அது மட்டும் வேணும். காலம் பூரா அப்படியே நிக்கணும்கறான். ஜிகினா வேற!”

வெஸ் டீக் கோப்பையைக் கீழே வைத்தான். கண் கலங்கியிருந்தது. “என் கையப் பாரு. எத்தன சோப்புப் போட்டாலும் புகை போகல. என் மக பக்கத்துல வந்தா மூக்கப் பொத்திக்கறா, வெளையாட்டுக்குத்தான், ஆனாலும். ஒரு நாளாவது மீன் வாசம் இல்லாம எந்திரிக்கணும்டி எனக்கு. ஒன் ஒரு பாட்டுக்காக நான் சாகற வரைக்கும் ஹாடக்குக்குப் புகை போடணுமா?”

அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே! அழுதுவிடுவோமோ என்று பயந்து கெய்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நைஜ் தொண்டையைக் கனைத்தார். பள்ளிக்கூட மைதானத்தில் சண்டை விலக்கிப் பழகியவர். “ரெண்டு பேரும் நான் சொல்றத கேளுங்க. அடுத்து பிரைட்டன் திருவிழா. நம்ம வாழ்க்கையிலேயே பெரிய கூட்டம் அதுதான். அங்க அந்தப் பாட்ட அவ எடுக்கட்டும். நிக்காம பாட்டு முடிஞ்சுதுன்னா பியர்ஸுக்கு டாட்டா, நம்ம வழி நமக்கு. பாட்டு நின்னுச்சுன்னா கையெழுத்து. அதுக்கப்புறம் யாரும் மூச்சு விடக் கூடாது. சரியா?”

வெஸ் தலையாட்டினான். கெய்லியும் ஆட்டினாள். இத்தனை ஊரில் முடியாதது பிரைட்டனில் எப்படி முடியும்? பாட்டும் போச்சு, பேண்டும் போச்சு என்று அப்போதே மனசு அடித்துக்கொண்டது.

பிரைட்டன் தெற்குக் கோடியில் இருக்கிறது. அங்கே கடற்கரை முழுக்கக் கூழாங்கல், அதில் விரிப்பைப் போட்டுப் படுத்து அதையும் சுகம் என்பார்கள். பேச்சும் வேறு. பஸ்ஸை ‘பஸ்’ என்பார்கள், லவ்வை ‘லவ்’ என்பார்கள், எங்கள் ஆட்கள் வாயைத் திறந்தால் லேசாகச் சிரிப்பார்கள். கடலோரப் புல்வெளியில் பெரிய மேடை போட்டிருந்தார்கள். சோகி சிப்ஸுக்குக் கொடுத்தது நடு மத்தியானம். வெயில் பளீரென்று அடித்தது. திரை ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்த கெய்லி சட்டென்று பின்வாங்கினாள்.

“நைஜ், மனுஷங்களா இது? கடலுக்கு முன்னால இன்னொரு கடல் மாதிரி இருக்கு!”

“எல்லார் மூஞ்சியிலயும் ஊதாப் பொட்டு இருக்கு பாரு. நமக்காக வந்தவங்கதான்,” என்றார் நைஜ்.

ஏறினார்கள். முதல் பாட்டிலேயே புல்தரை அதிர்ந்தது! தள்ளுமுள்ளில் ஒரு பையன் விழ, சுற்றியிருந்தவர்கள் அள்ளித் தூக்கி நிறுத்திவிட்டு மறுபடி குதித்தார்கள். “ஹவுஸ்!” என்றது கூட்டம், பேண்ட் நின்றது, “அடுத்த எண்!” என்றாள் கெய்லி, ரப்பர் மீன்கள் வானத்தில் பறந்தன. அரை மணி போனதே தெரியவில்லை. மேடை ஓரத்தில் பியர்ஸ் கைகட்டிச் சிரித்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் வந்தது அந்தப் பாட்டு. கெய்லி தண்ணீர் குடித்தாள். கூட்டத்திடம் கெஞ்சலாமா என்று நினைத்தாள், வாய் வரவில்லை. கெஞ்சி வாங்கினால் அது முடிந்த பாட்டா? வெஸ்ஸைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். நைஜ் குச்சியைத் தட்டினார்.

முதல் சரணம். யாரும் கத்தவில்லை. பல்லவி. யாரும் கத்தவில்லை. குதித்துக்கொண்டிருந்தவர்கள் மெல்ல அசைந்துகொண்டிருந்தார்கள். கெய்லி இரண்டாம் சரணத்துக்குள் கால் வைத்தாள். எந்த ஊரிலும் மிதிக்காத இடம் அது. முதல் வரியில் பாதி போயிருப்பாள்,

“ஹவுஸ்!”

வெகு பின்னாலிருந்து. பீர் வாங்கிக்கொண்டு அப்போதுதான் வந்து சேர்ந்த எவனோ ஒருவன். நல்ல மனசோடுதான் கத்தியிருப்பான், பாவி.

கெய்லியின் உடம்பு நின்றுவிட்டது. கை உயர்ந்தது. விரல் கம்பியை விட்டது. வெஸ்ஸின் கிதார் நின்றது, நைஜின் குச்சி காற்றில் நின்றது. முடிந்தது. ஊரெல்லாம் சுற்றி, விடுப்பெல்லாம் தின்று, கடைசியில் இங்கேயும் அவ்வளவுதான். கண்ணை இறுக மூடிக்கொண்டு சிரிப்புச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

சிரிப்பு வரவில்லை.

பாட்டு வந்தது. முன்வரிசையில் ஒரு பெண், ஊதாப் பொட்டுக்காரி, விட்ட சொல்லிலிருந்து எடுத்தாள். அவள் பக்கத்திலிருந்தவன் எடுத்தான். அவன் பின்னால் ஒரு வரிசை, அதற்குப் பின்னால் இன்னொன்று. கிதார் இல்லை, டிரம்ஸ் இல்லை, வெறும் தொண்டைகள். இரண்டாம் சரணம் ஒரு சொல் பிசகாமல் வந்தது. கெய்லி கண்ணைத் திறந்தாள். இந்த வரிகளை இவர்கள் எங்கே கேட்டார்கள்? மேடையில் அவள் ஒரு நாளும் பாடியதில்லையே! கேசட். கடைசிப் பாட்டு. வீட்டில், அறையில், பஸ்ஸில், இதைத்தான் போட்டுப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள்!

அதுகூடப் பெரிதில்லை. பல்லவி வந்தது. அத்தனை தெற்கத்தி வாயும், லவ்வை லவ் என்றே சொல்லிப் பிறந்து வளர்ந்த அத்தனை வாயும், ‘லுவ்’ என்று பாடியது. ‘புஃபர்ஸ்’ என்று பாடியது. கேலியாக இல்லை, அந்தப் பாட்டுக்கு அதுதான் வாய் என்று நம்பிப் பாடியது. அவள் அம்மா பேசுகிற மாதிரி, பாலீன் திட்டுகிற மாதிரி, அந்தக் கடலோரம் முழுக்கக் கிளீதோர்ப்ஸாகப் பாடியது.

‘தோத்துப்போய் இருக்கலே, இருக்கணும்னு இருக்கேன்!’

கெய்லி அழுதாள். வெட்கப்படாமல், மூக்கு ஒழுக, மேடை நடுவில் நின்று அழுதாள். ஒரு வரி பாடவில்லை. தன் பாட்டைத் தானே நின்று கேட்டாள். நைஜுக்குப் பொறுக்கவில்லை, மெல்லக் காலால் பெரிய டிரம்மைத் தட்டத் தொடங்கினார். வெஸ்ஸின் விரலும் தானாகக் கம்பிக்குப் போயிற்று. கடைசி வரி வந்தது, ‘வெளக்கு எரியும், லுவ்’ என்று இழுத்து முடித்தது கூட்டம். பிறகு எழுந்த ஆரவாரத்தில் கடற்பறவைகள் கலைந்து பறந்தன.

வெஸ் கிதாரோடு அவளிடம் வந்தான். மேடை ஓரத்தில் பியர்ஸ் கைகளைத் தட்டியபடி அவனுக்குக் கண்ணைக் காட்டினார். வெஸ் அவள் காதுக்கருகில் குனிந்தான்.

“நீ நின்னுட்டியேடி.”

கெய்லி முழங்கையால் கண்ணைத் துடைத்தாள். “நான் நின்னேன்டா. பாட்டு நின்னுச்சா?”

வெஸ் நிமிர்ந்து பார்த்தான். ஆரவாரம் அடங்கவில்லை, அதற்குள்ளேயே எங்கோ நடுவிலிருந்து யாரோ பல்லவியை மறுபடி எடுத்துவிட்டார்கள், அது இரண்டு பக்கமும் பரவிக்கொண்டிருந்தது. அவன் மேடை ஓரம் திரும்பி பியர்ஸுக்குக் கையை ஆட்டி டாட்டா காட்டினான்.

“இல்லடி,” என்றான். “இன்னும் நிக்கல.”